மீட்டர் பெட்டியும் ஒரு மதிப்புரையும்

ஒன்பது வருஷங்களுக்கு முன்னால் ஒரு கவிதைத் தொகுதிக்கு மதிப்புரை எழுதினேன். எழுதியவர் ஒரு தொடக்கப் பள்ளி ஆசிரியர். சொந்தச் செலவில் போட்ட மெல்லிய புத்தகம். அதில் ஒரு கவிதையில், வீட்டுச் சுவருக்குள் குடியிருக்கும் தேனீக்கள் யாரையும் கொட்டுவதில்லை, அவற்றுக்குக் கொடுக்கே கிடையாது என்று வந்தது. பொருளைப் பார்க்காமல் எழுதப்படும் கவிதைக்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது என்று எழுதினேன். தேனீ என்ற சொல்லிலிருந்து கொடுக்கைப் பிடுங்கிவிட்டால் மிஞ்சுவது வெறும் ஈதான் என்றும் எழுதினேன். இந்த வாக்கியம் நண்பர்கள் மத்தியில் கொஞ்ச காலம் புழங்கியது. எனக்கும் அதில் ரகசியமான பெருமை இருந்தது.

அவர் அதற்குப் பிறகு எழுதவில்லை. என் மதிப்புரையால்தான் என்று சொன்னால் என்னை நானே அதிகமாக மதித்துக்கொள்வதாகும். பள்ளிக்கூடம், கடன், குழந்தைகள் என்று எத்தனையோ காரணங்கள் இருக்கலாம். ஆனாலும் எழுதவில்லை என்பது உண்மை.

போன தை மாதம் எங்கள் வாடகை வீட்டில் மீட்டர் மாற்ற மின்வாரியத்திலிருந்து ஓர் ஆள் வந்தார். நாகர்கோவிலில் இந்த வட்டாரத்தில் இன்னும் சில பழைய வீடுகள் மிச்சமிருக்கின்றன. கனத்த சுவர்; அதில் ஒரு மாடத்தை மறைத்து மரப்பலகை அடித்து அதன் மேல் மீட்டரைப் பொருத்தியிருந்தார்கள். பலகையின் ஓரத்தில் சுண்டுவிரல் நீளத்துக்கு ஒரு குழாய் நீட்டிக்கொண்டிருந்தது. கறுப்பும் பழுப்புமாக, காய்ந்த சாணி மாதிரி நிறம். மூன்று வருஷமாக அதைத் தினமும் பார்த்திருக்கிறேன். எறும்புப் புற்று என்றோ, யாரோ வயரிங் செய்தபோது விட்டுப்போன தார் என்றோ நினைத்திருப்பேன். நினைத்தேனா என்பதுகூட நிச்சயமில்லை. அதைச் சுற்றிப் பறந்தவற்றைக் கொசு என்று நினைத்தது மட்டும் ஞாபகமிருக்கிறது.

வந்தவர் பலகையைத் தொடவில்லை. குழாயைக் குனிந்து பார்த்தார். "கொசுத்தேனுல்லா இருக்கு சாரே" என்றார்.

உள்ளேயிருந்து அம்மா வந்தாள். அவள் பிறந்தது தக்கலைப் பக்கம். "ஆமா, அது நாம வரும்போதே உண்டு மக்களே, நீ பாக்கலியா?" என்றாள். கொட்டாதா என்று கேட்டேன். இருவரும் என்னைப் பார்த்த பார்வையில் பரிதாபம் இருந்தது. "அதுக்குக் கொடுக்கு ஏது?" என்றாள் அம்மா.

அந்த மதிப்புரையை எழுதிய இரவும் அம்மா இரண்டு அறை தள்ளித்தான் இருந்தாள். எழுந்து போய்க் கேட்க எனக்குத் தோன்றவில்லை. கேட்க வேண்டிய விஷயம் என்றே படவில்லை. தேனீ கொட்டும் என்பது எனக்குப் பள்ளிக்கூடத்திலிருந்து தெரியும். பிறகு பி.ஏ. வகுப்பில் படித்த இங்கிலீஷ் கவிதைகளில் ரீங்காரமிட்ட அத்தனை தேனீக்களுக்கும் கொடுக்கு இருந்தது.

அன்று நடந்ததைச் சொல்கிறேன். அந்த மனிதர் மெயினை அணைத்துவிட்டு, அம்மாவிடம் ஒரு சின்னக் கலயமும் சிரட்டையும் வாங்கி, கலயத்தின் வயிற்றில் ஆணியால் ஒரு துளை போட்டுக்கொண்டார். குழாயைக் கத்தியால் பதமாகப் பிரித்து எடுத்து ஓரமாக வைத்தார். பிறகு பலகையைக் கழற்றினார். உள்ளே அடுக்கடுக்காகத் தொங்கும் வெள்ளை அடையை நான் எதிர்பார்த்தேன். இருந்தது வேறு. இருட்டான ஒரு பொந்து. ஓரமெல்லாம் கரும்பழுப்புச் சாந்து பூசியிருந்தது. நடுவே மிளகளவு உருண்டைகள் கொத்தாக, ஒன்றையொன்று சின்னத் தூண்களால் பிடித்துக்கொண்டிருந்தன. அவற்றுக்குள் இருப்பவை முட்டையும் புழுவும். சற்றுத் தள்ளி, திராட்சையைப் போல உருண்டையான மொந்தைகள். சிலவற்றில் தேன், சிலவற்றில் மகரந்தம். அறுகோணம் என்பதே எங்கும் இல்லை. தேனீ என்றால் கணித ஒழுங்கு என்று சொல்லிப் பழகிய நமக்கு அந்தக் கூடு ஒரு பழைய பலசரக்குக் கடையின் பின்கட்டு மாதிரித்தான் தோன்றும்.

அதற்குள் அவரது தலை கறுத்துவிட்டது. முடிக்குள், புருவத்தில், காது மடலில், சட்டைக் காலருக்குள் அவை புகுந்து கடித்துக்கொண்டிருந்தன. நாலு மில்லிமீட்டர் நீளமுள்ள பூச்சி. கடித்தால் வலி பெரிதில்லை, ஆனால் விடுவதில்லை. கொண்டுவந்த பிசினை முடியில் ஒட்டிவிட்டும் போகிறது. அவர் கண்ணை இடுக்கிக்கொண்டு, பொறுமையாக, கொத்தாக இருந்த உருண்டைகளைக் கலயத்துக்குள் இறக்கினார். ராணியைத் தேடிக் காட்டினார். மற்றவற்றைவிட இரண்டு மடங்கு இருக்கும். வீங்கிய மஞ்சள் வயிறு, அதன் மேல் பொருத்தமில்லாமல் சின்னச் சிறகு. தேன் மொந்தைகளில் நாலைந்தை மட்டும் உடையாமல் உள்ளே வைத்தார். உடைந்தவற்றை வைத்தால் எறும்பு வந்துவிடுமாம். கலயத்தைச் சிரட்டையால் மூடிக் களிமண் பூசி, எடுத்து வைத்த பழைய குழாயை ஆணித் துளையின் மேல் ஒட்டி, மாடத்துக்குப் பக்கத்திலேயே தொங்கவிட்டார். வெளியே போயிருப்பவை திரும்பி வரும்போது வாசலின் வாசனையைத் தேடுமாம். மிஞ்சியது அரை டம்ளர் தேன். புளிப்பாக இருந்தது.

அவர் போன பிறகு நான் செய்தது குமாஸ்தா வேலை. தேடிப் படித்தேன். விஞ்ஞானப் பெயர் டெட்ராகோனுலா இரிடிபென்னிஸ். வானவில் சிறகுடையது என்று பொருள். வெயிலில் சிறகைச் சாய்த்துப் பார்த்தால் பெயர் வைத்தவர் பொய் சொல்லவில்லை என்று தெரியும். வைத்தவர் ஃப்ரெடெரிக் ஸ்மித், 1854இல், இலங்கையிலிருந்து போன மாதிரியைக் கொண்டு. இதைப் போலக் கொடுக்கற்ற தேனீ இனங்கள் உலகின் வெப்பப் பகுதிகளில் ஐந்நூறுக்கு மேல் இருக்கின்றன. கொடுக்கு அடியோடு இல்லாமலும் இல்லை. சுருங்கி, உபயோகமற்ற ஒரு மிச்சமாக உடலுக்குள் கிடக்கிறது. அமெரிக்காவில் நியூ ஜெர்ஸியில் கிடைத்த ஆம்பர் பிசினுக்குள் டைனோசார் காலத்துக் கொடுக்கற்ற தேனீ ஒன்று அகப்பட்டிருக்கிறது. 1988இல் அதை விவரித்து எழுதினார்கள். ஆயுளெல்லாம் பிசின் சுமந்த பூச்சி, பிசினிலேயே காலத்தைக் கடந்து வந்திருக்கிறது.

பிசின்தான் இவற்றின் வாழ்க்கையில் மையமான பொருள் என்று படுகிறது. மரங்களில் கசியும் பிசினைப் பின்னங்காலில் ஒட்டிக் கொண்டுவந்து, தன் உடலில் சுரக்கும் மெழுகோடு பிசைந்து, அந்தச் சாந்தால் எல்லாவற்றையும் கட்டுகிறது. வாசல் குழாயின் உதட்டில் மட்டும் காயாத பிசினைப் புள்ளி புள்ளியாக வைக்கிறது. எறும்பு கால் வைத்தால் ஒட்டிக்கொள்ளும். கொடுக்கு இல்லாத இனம் தன் பாதுகாப்பைக் கட்டடத்தில் வைத்திருக்கிறது.

குஞ்சு வளர்க்கும் விதம் இன்னும் வேறு. அடுக்குத்தேனீயின் கூட்டில் அறை திறந்தே இருக்கும். புழுவுக்கு வேலைக்காரத் தேனீக்கள் மறுபடி மறுபடி வந்து ஊட்டும். கொசுத்தேனீ அப்படிச் செய்வதில்லை. ஓர் உருண்டையைக் கட்டுகிறார்கள். வேலைக்காரர்கள் ஒருவர் பின் ஒருவராக வந்து, அந்தப் புழு வளர்ந்து முடிகிற வரைக்கும் வேண்டிய உணவு முழுவதையும் அதில் கக்குகிறார்கள். ராணி வந்து அதன் மேல் ஒரு முட்டையிடுகிறது. உடனே வாயை மூடிவிடுகிறார்கள். பிறகு உள்ளே நடப்பது யாருக்கும் தெரியாது. யாரும் எட்டிப் பார்ப்பதில்லை. வளர்ந்த தேனீ தானே கடித்துக்கொண்டு வெளியே வரும். அந்த அறையை மறுபடி உபயோகிக்காமல் கலைத்துச் சாந்தை வேறிடத்துக்கு எடுத்துக்கொள்வார்கள்.

குடி பிரிவதிலும் தலைகீழ். மற்றத் தேனீக்களில் பழைய ராணிதான் கூட்டத்தோடு வெளியேறும், கூடு மகளுக்கு. இங்கே தாயின் வயிறு அவளைப் பறக்கவிடாது. ஆகவே மகள்தான் போக வேண்டும். அதற்கு முன்பே வேலைக்காரர்கள் புதுப் பொந்தைப் பார்த்து வைத்து, பழைய கூட்டிலிருந்து சாந்தும் தேனும் சுமந்து கொண்டுபோய்க் குழாயும் மொந்தையும் கட்டுகிறார்கள். மகள் குடியேறிய பிறகும் இந்தப் போக்குவரத்து வாரக்கணக்கில், சில சமயம் மாதக்கணக்கில் நடக்கிறது. இதை அம்மாவிடம் சொன்னேன். "அதானே, கெட்டிக் குடுத்தா தீந்துபோச்சா? சீரு நின்னுரப்படாதுல்லா" என்றாள். அவளுக்கு இதில் ஆச்சரியம் எதுவும் இல்லை.

இங்கே என் புத்தி வழக்கமான இடத்துக்குப் போனது. கொட்டாத தேனீ உண்டு. ஆகவே அந்தக் கவிதை சரி, நான் தவறு. மன்னிப்புக் கேட்டுவிட்டால் கணக்கு நேராகிவிடும் என்று நினைத்தேன். புத்தகத்தைத் தேடி எடுத்து அந்தக் கவிதையைத் திரும்பப் படித்தேன். இருபது வரிகள். சுவருக்குள் தேனீக்கள் இருக்கின்றன, அவை கொட்டுவதில்லை, நாம்தான் ஒருவரையொருவர் கொட்டிக்கொள்கிறோம், அவற்றிடம் அன்பைக் கற்போம் என்று முடிகிறது.

கவிதை நன்றாக இல்லை.

தகவல் சரியாக இருந்தும் ஏன் நன்றாக இல்லை என்பதற்கு இப்போது என்னிடம் வேறு பதில் இருந்தது. கொடுக்கு இல்லை என்பதை அவர் அன்பு என்று வாசித்துவிட்டார். மின்வாரியக்காரரின் காதைக் கேட்டால் தெரியும். பிரேசிலில் இதன் உறவினங்கள் சிலவற்றைப் பற்றி 2015இல் வந்த ஓர் ஆய்வின்படி, அவை கூட்டைக் காக்கக் கடித்த பிடியை விடாமல், உடம்பு சிதைந்து சாகும் வரைக்கும் தொங்குகின்றன. ஆஸ்திரேலியாவில் இதே பேரினத்தைச் சேர்ந்த ஒரு வகை, இன்னொரு வகையின் கூட்டில் படையெடுத்து ஆயிரக்கணக்கில் கொன்று, கூட்டைப் பிடித்து, தன் ராணியைக் குடிவைப்பதைப் பதிவு செய்திருக்கிறார்கள். கொடுக்கு இல்லாமை ஒரு குணமல்ல, ஓர் உறுப்பின் நிலைமை. அதை உபதேசமாக்கியதுதான் கவிதையின் பிழை. ஒன்பது வருஷங்களுக்கு முன் இதைச் சொல்லியிருந்தால் அது விமர்சனம். நான் சொன்னதோ, தேனீ கொட்டும் என்று.

தமிழில் இந்தத் தவறுக்கு ஒரு பூர்வகதை இருக்கிறது. குறுந்தொகையின் இரண்டாம் பாட்டு ஒரு தும்பியைக் கூப்பிட்டுக் கேள்வி கேட்கிறது: நீ அறிந்த பூக்களில் என் காதலியின் கூந்தலைவிட மணமுள்ளது உண்டா என்று. திருவிளையாடல் கதையில் அதை எழுதியவன் இறைவன். குற்றம் கண்டவன் நக்கீரன். கூந்தலுக்கு இயற்கை மணம் கிடையாது என்பது அவன் கட்சி. நெற்றிக்கண்ணுக்கும் அஞ்சாத விமர்சகன் என்று நாம் அவனைக் கொண்டாடுகிறோம். நானும் அந்தப் பரம்பரையில் என்னைச் சேர்த்துக்கொண்டவன்தான். இப்போது யோசித்தால் ஒன்று உறுத்துகிறது. பாட்டு ஒரு சாட்சியை அழைக்கிறது. பூக்களோடு பழகியது, பொய் சொல்ல அவசியமில்லாதது என்று ஒரு பூச்சியை அழைக்கிறது. நக்கீரன் கவிஞனோடு வாதாடினான், சாட்சியை விசாரிக்கவில்லை. விசாரித்திருந்தால் கட்சி தோற்றிருக்கும் என்று நான் சொல்லவில்லை. விசாரிக்காமலேயே ஜெயித்தான் என்றுதான் சொல்கிறேன்.

எதிர்த்தரப்பில் வர்ஜிலை வைத்துப் பார்க்கலாம். ஜார்ஜிக்ஸின் நான்காம் பகுதி முழுக்கத் தேனீ பற்றியது. கூட்டை ஆள்வது ராஜா என்று அவர் நம்பினார்; செத்த மாட்டின் உடலிலிருந்து தேனீக்கள் பிறக்கும் என்றும் எழுதினார். இரண்டும் தப்பு. இரண்டாயிரம் வருஷமாக அந்தக் கவிதை நிற்கிறது. அதில் உழைப்பின் மேல், இழந்துபோன கூட்டின் மேல் இருக்கும் கவனம் பொய்யல்ல. ஆக, தகவல் தப்பாக இருந்தும் கவிதை நிற்கலாம். தகவல் சரியாக இருந்தும் விழலாம். இவ்வளவு எளிய விஷயத்தைக் கண்டுபிடிக்க எனக்கு ஒரு மீட்டர் பெட்டி தேவைப்பட்டது.

நான் வங்கியில் காசோலைகளை வாங்கும் இடத்தில் ஏழு வருஷம் இருந்தேன். காசோலையில் உள்ள கையெழுத்தை எங்களிடம் உள்ள மாதிரிக் கையெழுத்தோடு ஒப்பிட வேண்டும். ஒத்துப்போகவில்லை என்றால் திருப்பி அனுப்ப வேண்டும். கணக்குக்காரர் வயதாகிக் கை நடுங்குகிறதா, எழுதிய பலகை ஆடியதா என்பதெல்லாம் எங்கள் கேள்வியல்ல. வங்கியில் அது சரியான முறை. என் மதிப்புரைகளும் இந்த முறையில்தான் நடந்தன என்று இப்போது தெரிகிறது. என்னிடம் ஒரு தேனீயின் மாதிரிக் கையெழுத்து இருந்தது. அது வேறு நாட்டில் போடப்பட்டது. அதோடு ஒத்துப்போகாததால், மூன்று தெரு தள்ளிக்கூட அல்ல, என் வீட்டுச் சுவரிலேயே இருந்ததைத் திருப்பி அனுப்பினேன்.

மொழியைப் பற்றியும் ஒரு செய்தி உண்டு. தேனீக்களின் நடனத்தில் திசையும் தூரமும் சொல்லப்படுகின்றன என்று கண்ட கார்ல் ஃபான் ஃபிரிஷுக்கு 1973இல் நோபல் பரிசு பகிர்ந்தளிக்கப்பட்டது. அவருடைய மாணவர் மார்ட்டின் லிண்டாவர் 1950களில் இலங்கைக்கு வந்து இந்தக் கொசுத்தேனீயையும் ஆராய்ந்தார். இதற்கு அந்த நடனம் தெரியாது. நல்ல பூவைக் கண்டு திரும்பியது கூட்டுக்குள் கோணல்மாணலாக ஓடுகிறது, மற்றவற்றை முட்டுகிறது, உடலில் ஒட்டிய மணத்தை முகரக் கொடுக்கிறது. எங்கே என்று சொல்வதில்லை. இருக்கிறது என்று மட்டும் சொல்கிறது. முட்டப்பட்டவை எழுந்து வெளியே போய்த் தாமே தேடுகின்றன. விமர்சனம் என்று நான் செய்ய நினைத்தது முதல் வகை. திசை, தூரம், சூரியனிலிருந்து இத்தனை பாகை. இரண்டாவது வகைக்கும் ஒரு நியாயம் இருக்கிறது என்று இப்போது தோன்றுகிறது. அதற்கு முதலில் பூவுக்குப் போய் வந்திருக்க வேண்டும்.

பதிப்பகத்தார் மூலம் எண் வாங்கி அவருக்குப் போன் செய்தேன். பெயரைச் சொன்னதும் அடையாளம் தெரிந்துகொண்டார். நான் தயாரித்து வைத்திருந்த வாக்கியங்களை ஒழுங்காகச் சொன்னேன். கொசுத்தேனீ பற்றி, மீட்டர் பெட்டி பற்றி, நான் எழுதியது தவறு என்று. அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை.

"இல்ல சார், நீங்க சொன்னது சரிதான். அந்தக் கவிதை நல்லா இல்ல" என்றார்.

"கவிதை வேற சார். தேனீ விஷயத்துல நான் பண்ணினது தப்பு."

"அது எங்க தாத்தா வீட்டுச் சுவர் சார்" என்றார். "கடைசியில அன்பைக் கற்போம்னு போட்டேனே, அதுதான் தப்பு. சுவரோட நிறுத்தியிருக்கணும். நீங்க அதைச் சொல்லுவீங்கன்னு நினைச்சேன். நீங்க தேனீயைச் சொல்லிட்டீங்க."

அவர் குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும். தன் கவிதையின் பிழை எது என்று அவருக்கு அப்போதே தெரிந்திருக்கிறது. அதை ஒருவன் கண்டுபிடித்துச் சொல்வான் என்று காத்திருந்திருக்கிறார். அப்படி ஒரு வாசகனைத்தான் எழுதுகிறவன் தேடுகிறான். மூன்று பக்கம் எழுதியும் நான் அந்த வாசகனாக இருக்கவில்லை. இப்போது எழுதுகிறீர்களா என்று கேட்க வாயெடுத்து, கேட்கவில்லை. பள்ளிக்கூட மணி கேட்டது. அப்புறம் பேசலாம் சார் என்று வைத்துவிட்டார்.

கலயம் இன்னும் தொங்குகிறது. முதல் இரண்டு வாரம் போக்குவரத்தே இல்லாமல், செத்துவிட்டன என்று நினைத்தேன். அம்மா மட்டும் அதை அசைக்காதே என்று சொல்லிக்கொண்டிருந்தாள். பங்குனியில் ஒரு நாள் காலை, ஒட்டிய பழைய குழாயின் நுனியில் அரை விரல்கடை நீளத்துக்குப் புதுச் சாந்து இளம்பழுப்பாக வளர்ந்திருந்தது. உதட்டில் ஈரப் பிசின். உள்ளே நாலைந்து முகங்கள் வெளியே பார்த்துக்கொண்டிருந்தன. கிட்டத்தில் போய்ப் பார்த்தேன். ஒன்று வந்து புருவத்தில் கடித்தது.

மேஜையில் மதிப்புரைக்கு வந்த இரண்டு தொகுதிகள் இருக்கின்றன. ஒன்றில் வெருகு என்றொரு சொல் வருகிறது. எனக்கு அது தெரியாது. அம்மாவைக் கேட்க வேண்டும்.